ஜமால் பாயிடம் சொல்லாத நான்கு எண்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான்தான் ஜமால் பாயை அழைப்பது வழக்கம். அன்று ஏழு அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போதே அவருடைய எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. காரின் நான்கு டயர்களிலும் காற்றை அளந்துவிட்டு, அளவுமானியைக் கையில் வைத்தபடி வாசலில் நின்றிருந்தேன். "முப்பத்திரண்டு பாய்" என்று ஆரம்பித்தேன். மறுமுனையில் பேசியது அவருடைய மகன் ரியாஸ்.

"சாருங்க, அத்தா மௌத்தாயிட்டாருங்க. ஃபஜ்ரு தொழுகைக்கு எழுப்பப் போனோம், எந்திரிக்கலீங்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்பறம் அடக்கம்."

மற்ற மூன்று எண்களையும் நான் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது?

கொல்லிமலை அடிவாரத்தில் டயர் கடை வைத்திருந்த ஜமால் பாயை, இந்த மலையில் சக்கரம் உருட்டுகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவர் பழக்கமானது ஓர் எச்சரிக்கை விளக்கால்தான். மலைமேல் தேவனூர் நாட்டில் உள்ள பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி இறந்தபின் வீட்டில் தனியாக இருக்கிறேன். கோயம்புத்தூரில் இருக்கும் மகன் செந்தில் புதிய கார் வாங்கியபோது, தன் பழைய காரை எனக்குக் கொடுத்தான். டயரில் காற்று குறைந்தால் முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரியும் வகைக் கார் அது. மலைக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே அந்த விளக்கு விடியற்காலையில் எரியத் தொடங்கியது. மலையிறங்கும்போதெல்லாம் அடிவாரத்தில் காற்றைச் சரிபார்ப்பேன். இரண்டு நாளில் மறுபடி எரியும். கடைசியில் ஒருவர் சொல்லி பாயின் கடைக்குப் போனேன்.

அவர் மானியை எடுக்கவில்லை. என் கையைப் பிடித்து டயரின் மேல் வைத்தார். வெந்நீர்ப் பாத்திரம் போலச் சுட்டது.

"எழுபது வளைவு எறங்கி வந்த டயருங்க சார், காய்ச்சக்காரன் மாதிரி கெடக்குது. இப்ப அளந்தா எவ்வளவு காட்டும்?"

"முப்பத்தாறு காட்டும். கதவு ஓரத்தில் முப்பத்திரண்டு என்று ஒட்டியிருக்கிறது. அதனால் நாலைக் குறைத்துவிடுவேன்."

"கொறச்சுட்டு மேல போயி, ராத்திரி பூரா குளுருல நிறுத்திப் போடறீங்க. காத்து சுருங்கிப் போகுது. வெடியால லைட்டு எரியுது. லைட்டு நெசத்தத்தானுங்க சொல்லுது. மலைக்காரங்க அத்தன பேரும் சூட்டுல அளந்து குளுருல ஓட்டறீங்க."

எங்கள் பக்கத்தில் காற்றடிக்கும் கடை இல்லை. காற்று வேண்டுமென்றால் இறங்கியாக வேண்டும். இறங்கினால் டயர் சூடாகிவிடும். சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தத் தவறைச் செய்ய வாய்ப்பு குறைவு. அன்று பாய் எனக்கு ஒரு சிறிய அளவுமானியும் கால்மிதி பம்பும் கொடுத்து, "வண்டிய அசைக்கறதுக்கு முன்னாடி, ஊட்டு வாசல்லயே பாருங்க" என்றார். பார்த்தேன். விளக்கு அணைந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அது வேறு விதமாக எரிந்தது. வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போலச் சிமிட்டும், பிறகு நின்று எரியும். காற்று சரியாகவே இருந்தது. பாய் சொன்ன விளக்கத்தை என் வகுப்பறை மொழியில் சொல்கிறேன். நான்கு சக்கரங்களுக்குள்ளும் நான்கு மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு சிமிட்டாமல் நேராக எரிந்தால், ஒருவன் எழுந்து 'எனக்கு உடம்பு சரியில்லை' என்கிறான். சிமிட்டிவிட்டு எரிந்தால், வருகைப் பதிவில் ஒருவன் பெயரைக் கூப்பிட்டும் பதில் வரவில்லை. சக்கரத்துக்குள் இருக்கும் உணர்கருவியின் பேட்டரி பத்து ஆண்டுகள் போலத்தான் உழைக்கும். அதை மட்டும் தனியாக மாற்ற முடியாது. இந்தப் பழைய மாடலுக்குப் புதுக் கருவி கிடைக்கவில்லை என்று அவரே பல இடங்களில் விசாரித்துச் சொன்னார்.

"இனிமே இந்த லைட்டு எப்பவும் எரியும். நெசமாவே காத்து போனாலும் உங்களுக்குத் தெரியாது. அதனால ஞாயித்துக்கெழம காலைல நாலையும் அளந்து எனக்குப் போன் போடுங்க."

"உங்களுக்கு எதற்கு பாய் அந்தத் தொல்லை?"

"யாருகிட்டயாச்சும் சொல்லோணும்னா தான் மனுசன் அளப்பானுங்க."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. நான்கு எண்களைச் சொல்ல அரை நிமிடம் போதும். பிறகு அவர் "மேல மழைங்களா?" என்பார். நான் மிளகுக்கொடியைப் பற்றிச் சொல்வேன். அவர் கீழே கொளுத்தும் வெயிலைத் திட்டுவார். வாரத்தில் மற்ற ஆறு நாளும் என் குரலை நானே கேட்காமல் போன வாரங்கள் உண்டு.

ஒரு மழைக்கால ஞாயிறன்று முழங்கால் வலி. போர்வையை விலக்க மனம் வரவில்லை. படுத்தபடியே அழைத்து, "நாலும் முப்பத்திரண்டு பாய்" என்றேன்.

"ஏனுங்க சார், போன வாரம் முன்னாடி லெஃப்ட்டு முப்பதுன்னீங்க. காத்தடிச்சீங்களா?"

"இல்லை."

"அப்பறம் தானா ஏறிக்குச்சுங்களா? உங்க வகுப்புல பசங்க இப்படி எழுதுனா என்ன பண்ணுவீங்க?"

"முட்டி போட வைப்பேன் பாய்."

"அப்ப போங்க. டயர்கிட்ட முட்டி போட்டுப் பாத்துட்டு வாங்க. நான் லைன்ல இருக்கறேன்."

குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டு. ஓர் ஆணி ஏறியிருந்தது. அன்று மதியம் நான் மலையிறங்குவதாக இருந்தேன். வண்டியைக் கிளப்பியிருந்தாலும் முன்பலகை விளக்கு எப்போதும் போலத்தான் எரிந்திருக்கும். அதனிடம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வந்து எண்ணைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "கொறச்சலா இருந்தா ஒண்ணுமில்லீங்க, அடிச்சுக்கலாம். இல்லாத நம்பரச் சொன்னா நான் என்னங்க பண்ணுவேன்?" என்றார்.

அந்த ஆண்டு பொங்கலுக்கு வந்த செந்தில் விளக்கைப் பார்த்துவிட்டான். "இதோடவா ஓட்டறீங்க? வண்டிய வித்துட்டு எங்களோட வந்துடுங்கப்பா" என்றான். என் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் சாலைக்கு மூன்று கிலோமீட்டர். கார் போனால் வீடும் போகும் என்பது இருவருக்கும் தெரியும். விலை கேட்பதற்காக என்னையும் அழைத்துக்கொண்டு பாயின் கடைக்குப் போனான்.

பாய் சக்கரங்களைச் சுற்றி வந்தார். "தம்பி, லைட்டு தானுங்க பழுது. வண்டி நல்லா இருக்குது."

"வண்டி சரிங்க பாய். அப்பாவுக்கு எழுபத்திரண்டு ஆச்சு."

"அதையும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். எப்படி ஓட்டியாறாரு, எப்படி நிறுத்தறாருன்னு தெரியுமுங்க. ஒருக்கா பொய் நம்பரு சொன்னாரு, அதையும் புடிச்சுட்டேன். நிறுத்தற நாளு வந்தா நானே சாவிய வாங்கி வெச்சுக்கறேன்."

செந்தில் சிரித்துவிட்டான். "உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் பாய்."

அதன்பிறகு நான் மலையில் இருந்தது பாயின் அந்தச் சொல்லின் பேரில்தான்.

இனி நான் சொல்வது எளிதாக இல்லை. அவர் இறப்பதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போது, அடுக்கி வைத்திருந்த டயர்களில் இடித்துவிட்டேன். அவர் அடுக்கை உள்ளே தள்ளி வைத்தார். அடுத்த ஞாயிறு எண்களைக் கேட்டு முடித்ததும், "சார், ஒருக்கா கீழ வாங்க. நேர்ல ஒண்ணு பேசோணும்" என்றார். வருகிறேன் என்றேன். போகவில்லை. ஒரு வாரம் மழை என்றேன், அடுத்த வாரம் மிளகு காயப்போட்டிருக்கிறேன் என்றேன், அதற்கடுத்து முழங்கால் என்றேன். சாவியைக் கேட்டுவிடுவார் என்று பயந்தேன். நான்காவது ஞாயிறுதான் ரியாஸ் அழைத்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் ரியாஸிடம் கேட்டேன். "என்னிடம் ஏதோ பேச வேண்டும் என்றாரே, உனக்குத் தெரியுமா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க சார். உங்க ஞாபகமாவே இருந்தாரு. சார் வாராரா, சார் வாராரான்னு கேட்டுட்டே இருந்தாருங்க."

அவர் சாவியைத்தான் கேட்டிருப்பாரா, வேறெதையாவதா என்பது இனித் தெரியப்போவதில்லை. மூன்று வாரம் சாக்குச் சொல்லி அவரைக் காக்க வைத்தேன் என்பது மட்டும் தெரியும்.

காரில் திரும்பி மலையேறும்போது பாதி வளைவுகளைக் கடந்திருப்பேன். ஒரு திருப்பத்தில் எதிரே பஸ் வந்து நின்றுவிட்டது. இரண்டுக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "வாத்தியாருங்களா? மூணு வாட்டி ஹாரன் அடிச்சோமுங்களே, காதுல உழுகலீங்களா?"

எனக்கு ஒன்றுதான் கேட்டது. துக்கத்தில் இருந்தேன் என்று என்னிடமே சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி ஏற்றியிருந்தது என்றும் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி இறக்கித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செந்திலை அழைத்தேன். பாய் போய்விட்டதைச் சொன்னேன். பிறகு ஹாரனைப் பற்றியும் சொன்னேன்.

"இத ஏம்ப்பா எங்கிட்ட சொல்றீங்க? சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"பாய் இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். நாளைக்கு நடந்து போய் பஸ் பிடித்து, நாமக்கல்லில் காதைக் காட்டிவிட்டு வருகிறேன். டாக்டர் சொல்வதை அப்படியே உனக்குச் சொல்கிறேன். அதுவரை வண்டியை எடுக்கமாட்டேன்."

இதைப் படிக்கும் உங்களில் அவரை அறிந்த ஒவ்வொருவரிடமும் அவருடையது ஏதோ ஒன்று இருக்கும். நீண்ட பயணத்துக்கு முன் அவர் மாற்றிக் கொடுத்த டயராக இருக்கலாம், பாதி வழியில் நின்றபோது போனில் சொன்ன ஒரு யோசனையாக இருக்கலாம். என்னிடம் இருப்பது, இல்லாத எண்ணைச் சொல்லி அவரிடம் நான் பட்ட வெட்கம்; இருக்கிற எண்ணை இருக்கிறபடி சொல்ல வைப்பது அதுதான். அதை வைத்துக்கொள்கிறேன். எண் முப்பதாக இருந்தாலும், மூன்று ஹாரனில் காதில் விழுந்த ஒன்றாக இருந்தாலும்.