கடலைப் பார்த்து நின்ற அத்தை

மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். விருத்தாசலத்திலிருந்து நாங்களும் பஸ் பிடித்துப் போவோம். எனக்கு எட்டு வயதான ஆண்டில்தான் கடலில் இறங்க அனுமதி கிடைத்தது. அதுவும் அத்தையின் பொறுப்பில்.

அத்தை அப்பாவின் தங்கை. பீங்கான் தொழிற்சாலையில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டும் வேலை. மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்தாலும் அக்கரைக்கு நீந்திவிடுவாள் என்று அப்பா பெருமையும் கவலையுமாகச் சொல்வார்.

இறங்குமுன் எனக்கு மூன்று நிபந்தனைகள் போட்டாள். ஒன்று, முட்டிக்கு மேல் தண்ணீர் கூடாது. இரண்டு, அவள் கையை விடக் கூடாது. மூன்று, கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. முதல் இரண்டும் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். மூன்றாவதில்தான் வில்லங்கம்.

ஏனென்றால் பெருமாள் கரையில் இருந்தார். தண்ணீரில் நின்ற கூட்டமெல்லாம் கரையைப் பார்த்துக் கைகூப்பியது. அத்தை மட்டும் கடலைப் பார்த்து நின்றாள். இவளுக்குத் தனியாக ஒரு சாமி வருகிறது போல என்று பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“பெருமாள் இங்க இருக்காரு. நீ அங்க யாரக் கும்புடுற?”

“அவரு என்னைப் பாத்துக்குவாரு அண்ணி. நான் புள்ளயப் பாத்துக்கறேன். இவளக் கரையேத்திட்டு வந்து கும்புட்டுக்கறேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாரையும் போலக் கும்பிட இரண்டு கை வேண்டுமே. உருவிக்கொண்டு திரும்பினேன். ஒரே நொடியில் இரண்டு நிபந்தனைகள் போயின. அடுத்து வந்த அலை மிச்சமிருந்த ஒன்றையும் முடித்துவைத்தது.

வாய் நிறைய உப்பு. காலுக்கடியில் மணல் இல்லை. யாரோ என் பின்னலைப் பிடித்துச் சுண்டி இழுத்தபோதுதான் அத்தையும் கூடவே வந்துவிட்டது தெரிந்தது.

“ஒதறாத. மல்லாந்து படு.”

படுத்தேன். என் மோவாயை ஏந்திக்கொண்டு நீந்தினாள். ஆனால் கரையை நோக்கி அல்ல. கரைக்கு இணையாக, பக்கவாட்டில். வழி தெரியாமல் போகிறாள் என்றே நினைத்தேன். இழுப்பு விட்டுப்போன இடத்தில் ஓர் அலை எங்களைத் தூக்கி மணலில் போட்டது. கூட்டம் வெகு தள்ளி இருந்தது.

அம்மா ஓடி வந்து முதுகில் இரண்டு வைத்தாள், அணைத்தாள், பெருமாள்தான் காப்பாற்றினார் என்று அழுதாள். அத்தையும் ஆமாம் என்றாள். புடவையைப் பிழிந்தபடி, சாமி கிளம்பிவிட்டாரா என்று மட்டும் கேட்டாள். கிளம்பியிருந்தார். தூரத்தில் குடை போய்க்கொண்டிருந்தது.

பின்னாளில் பாலிடெக்னிக்கில் விசைகளைப் படம் வரைந்து படித்தபோது, உள்ளே இழுக்கும் நீரோட்டத்தை எதிர்க்காமல் அத்தை ஏன் பக்கவாட்டில் விலகிப் போனாள் என்பது பிடிபட்டது. இன்று நான் இருப்பதே அதனால்தான். இன்னொன்று பிடிபட அதைவிட நாளானது. சாமி பார்க்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று அத்தை அன்று விரதமாக வந்திருந்தாள். திரும்பும் பஸ்ஸில் அவள் பங்குப் புளிச்சோற்றையும் என் கையில் கொடுத்தாள். கடலில் விழுந்து எழுந்தவளுக்கு அதிகம் பசிக்கும் என்றுதான் கொடுக்கிறாள் என்று நினைத்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.