அம்புக்குறி அக்காவின் கல்

ஈரத்துணியால் கல்லைத் துடைப்பார், திருப்பித் திருப்பிப் பார்ப்பார், எந்த முனை மேலே என்று காட்டச் சிவப்புப் பெயிண்டில் ஓர் அம்பு போடுவார், அடுத்ததை எடுப்பார். கடலடிப் பாறையைத் துளைத்து எடுத்த உருளைக் கற்களை, வெளிவந்த வரிசை மாறாமல் தட்டுகளில் அடுக்குவது அவர் வேலை. ஆராய்ச்சிக்கூடத்தின் கற்கிடங்கில் இருபத்திரண்டு வருடமாக இதேதான். அம்புக்குறி அக்கா என்று கேட்டால்தான் வாசல் காவலருக்கே தெரியும்.

பழக்கம் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. மாவு டப்பா, மருந்துப் பாட்டில், மெத்தை எல்லாவற்றிலும் அம்பு. "என் மேலயும் ஒண்ணு போட்டுடு. தலை எது, கால் எதுன்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்பார் வீட்டுக்காரர். அக்கா சிரிக்கமாட்டார். பயந்த சுபாவம். அடுப்பை அணைத்து வாசல்வரை போனவர் திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பார். "நம்ம கைதான். அதுக்காக நம்பிடறதா?"

அந்தக் கற்களில் வெள்ளைப் பட்டையும் கறுப்புப் பட்டையும் மாறி மாறி வரும். சுற்றுகிற பூமி பம்பரம்போல மெல்லத் தலையாட்டுகிறதாம். ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய இருபதாயிரம் வருடம். அதற்கேற்ப வெயிலும் மழையும் மாற, கடலடியில் சுண்ணாம்பும் களிமண்ணும் மாறி மாறிப் படிந்தன என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். "ஒரு சாண் கல்லுக்கு இவ்ளோ வருஷமா! கை நடுங்காம எப்படித் தொடறது?" என்பார் அக்கா.

நடுங்கித்தான் விட்டது. இரண்டு மாதம் முன்பு ஒரு தட்டு நழுவி, இன்னும் அம்பு போடாத ஒரு கல் தரையில் உருண்டது. ஒரு சாண் நீளம். பாதி வெள்ளை, பாதி கறுப்பு. இரு முனையும் ரம்பத்தால் அறுத்தவை, எப்படி வைத்தாலும் பொருந்தும். அக்கா யோசித்தார், வைத்தார், அம்பும் போட்டார். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இன்று காலை பேராசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த இடத்தில் கறுப்பு இரண்டு மடங்கு, அடுத்து வெள்ளையும் இரண்டு மடங்கு. "பூமி அங்க ஒரு தடவை ரொம்ப மெதுவா தலையாட்டியிருக்கு அக்கா! இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல. கட்டுரை சாயங்காலம் போகுது."

அக்காவுக்குத் தெரியும், கீழே விழுந்த கல்லை வைத்த இடம்தான் அது. லென்ஸோடு தட்டுக்கு ஓடினார். மற்ற கற்களில், அந்தக்காலப் புழுக்கள் குடைந்த வளைகள் வழியாக மேல்பட்டையின் மண் கீழ்ப்பட்டைக்குள் இறங்கியிருந்தது. இந்த ஒரு கல்லில் மட்டும் கீழிருந்து மேலே ஏறியிருந்தது. எந்தப் புழு வானத்தைப் பார்த்துத் தோண்டும்?

சத்தமில்லாமல் திருப்பி வைக்கலாம். ஆனால் போட்டோ எடுத்தாயிற்று, அளந்தாயிற்று. வாயை மூடிக்கொண்டே இருந்துவிடலாம். சொல்லி வேலை போனால் இந்த வயதில் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"கேட்டா மட்டும் சொல்லு" என்றார் அவர்.

"கேக்கவே மாட்டாங்க. அதான் பயமா இருக்கு."

மூன்றரை மணிக்குப் பேராசிரியரின் அறைக்குள் போய் நின்றார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"சார், பூமி ஒழுங்காத்தான் ஆடியிருக்கு. நான்தான் கல்லத் தலைகீழா வச்சுட்டேன். கீழ விழுந்துச்சு. சொல்லல."

பேராசிரியர் கணினியிலிருந்து கையை எடுத்தார்.

அக்கா இடுப்பில் செருகியிருந்த கிடங்குச் சாவிக்கொத்தை உருவி மேசைமேல் வைத்தார். விரல்களை மட்டும் அதிலிருந்து எடுக்கவில்லை.