பதினேழாம் நம்பர் ஃபிளாப்பி

வீரபாண்டித் திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நாகஜோதி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

தேனியிலிருந்து நதியா என்ற பாட்டுக்காரப் பெண் போனில் கூப்பிட்டிருந்தாள். "அக்கா, தொண்ணூத்தொம்பதுல கௌமாரியம்மனுக்கு ஒரு பாட்டுப் போட்டீகளாமே. அதை இந்த வருசம் மேடையில நான் பாடுறேன். பாட்டு எங்க ஆளுகளுக்குத் தெரியும். நடுவுல வர்ற மியூசிக்குதான் யாருக்கும் பிடிபடல."

"அது என் கீபோர்டுல அப்படியே இருக்கு. நானே வந்து வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள் நாகஜோதி. அந்த இடையிசையைப் பற்றி இருபத்தைந்து வருடமாகப் பெருமை பேசி வருபவள் வேறென்ன சொல்வாள்?

ஜெயமங்கலத்துக்காரி அவள். வெற்றிலைக்கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, ஆர்மோனியம் பழகி, இருபத்திரண்டு வயதில் பெரியகுளம் மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கப் போனாள். பொம்பளைப் பிள்ளை மேடையேறுவதா என்று முணுமுணுத்தவர்கள் எல்லாம் முதல் கச்சேரிக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். சென்னையில் பழைய கீபோர்டு ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தாள். தாளம், பின்னணி, பாட்டு எல்லாவற்றையும் ஃபிளாப்பியில் பதிந்து வைத்துக்கொள்ளும் கருவி அது. ஊர் ஊராகப் போய் நாற்பத்து மூன்று ஃபிளாப்பி சேர்ந்தது. பிறகு குழு கலைந்தது. நாகஜோதி அங்கன்வாடிப் பணியாளர் ஆனாள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க மட்டும் கீபோர்டு வெளியே வந்தது. அதற்கு ஃபிளாப்பி தேவைப்படவில்லை.

போனை வைத்த கையோடு அந்தப் பாட்டு இருந்த பதினேழாம் நம்பர் ஃபிளாப்பியைச் சொருகினாள். உள்ளே ஏதோ முனகியது. அப்புறம் அதுவும் இல்லை. கணவர் சுருளிவேல் திருப்புளியால் கழற்றிப் பார்த்தார். ஃபிளாப்பியைப் படிக்கும் டிரைவுக்குள் இருந்த ரப்பர் பெல்ட் உருகிப்போய்ப் புளிக்கரைசல் மாதிரி கிடந்தது.

"புது டிரைவு மாட்டுனா போச்சு" என்றார் சுருளிவேல்.

தேனியில் பழைய கம்ப்யூட்டர் பிரிக்கும் கடையில் ஒன்று கிடைத்தது. மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது, அணையவில்லை. பட்டை வயரைத் தலைகீழாகச் செருகியிருக்கிறோம் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆயிற்று. திருப்பிச் செருகினால் விளக்கே எரியவில்லை. ஃபிளாப்பி இல்லை என்று கீபோர்டு சாதித்தது. இரண்டாவது டிரைவும் அதே கதை.

நாகஜோதிக்குச் சோறு இறங்கவில்லை. கம்பத்தில் முன்பு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த கருத்தக்கண்ணன் நினைவுக்கு வந்தார். சுருளிவேலின் லோடு ஆட்டோ கம்பத்துக்கு வாழைத்தார் ஏற்றிப் போகிற நாளில், தார்களுக்கு நடுவே போர்வை சுற்றிக் கீபோர்டையும் ஃபிளாப்பிகளையும் ஏற்றினார்கள்.

கருத்தக்கண்ணன் டிரைவைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டிரைவு நல்ல டிரைவுதான் தங்கச்சி. ஒரு வயர்ல ரெண்டு டிரைவு மாட்டலாம்ல, அதனால ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு. கம்ப்யூட்டருக்குன்னு செஞ்சது எல்லாம் ஒண்ணாம் நம்பர். ஒங்க கீபோர்டு பூச்சியத்தைத்தான் கூப்பிடும். தன்னையக் கூப்பிடலைன்னு இது பாட்டுக்குக் கெடக்கு."

"நம்பரை மாத்த முடியாதாண்ணே?"

"புதுசுல மாத்த முடியாது, சாலிடர் வச்சு ஒட்டிட்டான். பழசுல சின்னதா ஒரு சுவிட்ச்சு இருக்கும். பாப்போம், இங்கனதான் கெடக்கும்."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு திராட்சைப் பெட்டியை இழுத்தார். உள்ளே பதினான்கு டிரைவுகள். மூவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் அந்தச் சுவிட்ச்சைத் தேடினார்கள். பதினோராவதில் இருந்தது. அரிசி அளவுதான். நாகஜோதி ஊசி முனையால் அதைப் பூச்சியத்துக்குத் தள்ளினாள். படிக்கும் முனையைக் காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார்கள். பஞ்சு கறுத்துப்போய் வந்தது.

மாட்டியதும் விளக்கு எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தது. மூன்றாம் நம்பர் ஃபிளாப்பியிலிருந்த தாளம் அறையை அதிர வைத்தது. நாகஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பாட்டைப் போடு நாகு" என்றார் சுருளிவேல்.

"பொறுங்க" என்று தடுத்தார் கருத்தக்கண்ணன். "மொதல்ல எல்லாத்தையும் நகல் எடுத்துருவோம். பழைய ஃபிளாப்பி, எந்தத் தடவை கடைசித் தடவைன்னு சொல்ல முடியாது."

அவருடைய பழைய கம்ப்யூட்டரில் வேறொரு டிரைவ் இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டு, உள்ளிருப்பதை அச்சு அசலாக இறக்கினார்கள். முப்பத்தெட்டு ஒழுங்காக வந்தன. நான்கு வரவேயில்லை. பதினேழாம் நம்பர் பாதியில் நின்றது. மூடியை நகர்த்திப் பார்த்தால் தகட்டில் வெள்ளையாய்ப் பூஞ்சை. நாகஜோதி மூச்சைப் பிடித்துக்கொண்டு, தகட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். இரண்டாம் முறை முக்கால்வாசி. நான்காம் முறை முழுசாக இறங்கியது. அந்த நகலைப் புது ஃபிளாப்பியில் ஏற்றிக் கீபோர்டில் போட்டார்கள்.

பாட்டு வந்தது. இடையிசையும் வந்தது. வந்துகொண்டே இருந்தது. நாதஸ்வரம் மாதிரி ஒரு சுற்று, புல்லாங்குழல் மாதிரி ஒரு சுற்று, மறுபடி நாதஸ்வரம். ஒருவழியாக முடிந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் சுருளிவேல். "கொஞ்சம் நீளமோ?"

அவளுக்குச் சுருக்கென்றது. இன்னொரு தரம் போட்டுக் கேட்டாள். இருபத்தேழு வயதில் தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே பாட்டில் கொட்டியிருந்தாள். நடுவில் ஒரு எட்டு மாத்திரை மட்டும், புல்லாங்குழல் கீழே இறங்கும் இடம், இன்றைக்கும் மெய் சிலிர்க்க வைத்தது.

"நீளந்தாங்க" என்றாள். திரும்பி வரும் வழியில் உத்தமபாளையம் தாண்டுவதற்குள் பாதியை மனதுக்குள் வெட்டிவிட்டாள்.

திருவிழா மேடையில் நதியா பாட, சுருக்கிய இடையிசையை நாகஜோதி வாசித்தாள். அக்கினிச்சட்டி ஏந்திப் போன பெண்கள் சிலர் ஓரமாக நின்று கேட்டார்கள். அந்தப் புல்லாங்குழல் இடத்தில் நதியா அடுத்துப் பாட வேண்டியதை மறந்து திரும்பி நாகஜோதியைப் பார்த்தாள். ஒரு அடி தாமதமாகத்தான் சரணத்தைப் பிடித்தாள். யாரும் கவனிக்கவில்லை.

பழைய ஃபிளாப்பிக்கு உயிர் வந்த சேதி பரவிவிட்டது. போடியில் சர்ச்சில் வாசிக்கிறவர் ஒருவர் இரண்டு பை நிறைய ஃபிளாப்பி கொண்டுவந்தார். சின்னமனூர் பேண்டு செட்டுக்காரர் கீபோர்டையே தூக்கிக்கொண்டு வந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாகஜோதி கம்பம் பஸ் ஏறிவிடுகிறாள். கருத்தக்கண்ணன் நகல் எடுப்பார். டிரைவுக்கு நம்பர் மாற்றுவது அவள் வேலை. சுவிட்ச் இல்லாத புது டிரைவுகளில் சாலிடரைப் பிரித்து ஒட்டவும் பழகிவிட்டாள். போன வாரம் சுருளிவேல் கேட்டார், "மதியச் சோத்துக்கு வந்துருவியா?"

"பேண்டு செட்டுக்காரரு அறுபது ஃபிளாப்பி வச்சிருக்காக. நீங்க சாப்பிட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.