மண்ணில் போட்ட குடுமி

அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் தலையை மழித்த அன்றைக்கு, அவர் பிழைப்பாரா என்பது மட்டும்தான் என் கவலை. முடி எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. சித்தேரி மலையிலிருந்து புளி மூட்டைகளோடு அவர் வந்த வேன் இறக்கத்தில் கவிழ்ந்து, மண்டையில் அடிபட்ட அவரைத் தர்மபுரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அங்கேயே ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்த நான் போட்டது போட்டபடி ஓடினேன்.

அப்பா மலைமேல் எங்கள் ஊர்க் கோயிலின் பூசாரி. பின்னந்தலையில் கோழிமுட்டை பருமனில் குடுமி வைத்திருந்தார். அதில் கத்தி படக்கூடாது. பூசாரியின் உயிரில் பாதி குடுமியில் இருக்கிறது, சாமி அதைப் பிடித்துத்தான் அவருக்குள் இறங்குகிறது என்பார்கள் எங்கள் ஊரில். அதையெல்லாம் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். சிரித்ததற்கு அம்மாவிடம் அடியும் வாங்கியிருக்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன் மழித்த குடுமியை நர்ஸ் ஒரு பாலிதீன் கவரில் போட்டு நீட்டினார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"குப்பையில போட்டுருங்க சித்தப்பா" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். கவரைத் துண்டில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு, மறுநாள் காலையில் அரூர் பஸ் ஏறிவிட்டார்.

தலையை விட்டு வந்த குடுமியை, ஊருக்குள் வந்த அன்றே பொழுது சாய்வதற்குள் மண்ணில் போட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். ஆள் உயிரோடு இருந்தாலும் சரி, குடுமியை ஆளாகவே நினைத்துப் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது உடம்பைத் தேடி அலையுமாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று மத்தியானம் கோயிலுக்குப் பின்னால் குழி வெட்டி, குடுமியை வைத்து, மேலே அரிசி போட்டு மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள். அம்மாவும் அழுதுகொண்டே ஒரு கை மண் போட்டாளாம்.

அதே மத்தியானம்தான் அப்பா முதல்முதலாகக் கண் திறந்தார். சந்தோஷத்தில் அவரைக் கூப்பிட்டேன். அவரோ என்னைப் பார்க்காமல் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வாயெல்லாம் மண்ணு. யாரு போடறாங்க? நிறுத்தச் சொல்லு."

ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேன். துணியில் அழுக்கே இல்லை. மருந்து வேகத்தில் அப்படித்தான் பேசுவார்கள் என்றார் நர்ஸ். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

காயம் ஆறியதும் ஊருக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினால், நின்றிருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். வாங்க என்று ஒரு வாய்ச்சொல் இல்லை. அம்மா மட்டும் வந்து அப்பாவின் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப்போனாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

மறுநாள் அம்மா ஒரு தட்டில் சாமைச்சோறு போட்டு மூடி, கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய் அந்த மண்மேல் வைத்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"உசுரோட வூட்ல உக்காந்திருக்கற மனுசனுக்குப் படையலா?"

"அங்க இருக்கறதும் உங்கப்பாதான? பட்டினி போட முடியுமா?"

"அதத் தோண்டி எடுத்துட்டுப் போயி ஒகேனக்கல்ல ஆத்துல விட்டுட்டு வரேன்."

"அவர ஆத்துல விடறேங்கறியா?" என்று கேட்டாள் அம்மா.

முடி வளரட்டும், மறுபடி குடுமி முடிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் சித்தப்பா. முடி வளர்ந்தது. குடுமி இருந்த இடத்தில் மட்டும் தழும்பு மொட்டையாகவே நின்றது. தையல் போட்ட இடத்தில் முளைக்காது என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். அதை ஊரில் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள், கோயில் சாவியை மட்டும் அப்பாவிடம் திருப்பித் தரவில்லை.

போன மாதம் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். உச்சிவெயில் நேரம். எங்களுக்கு ரேஷன் அரிசிச் சோறும் அவரைக் குழம்பும். சாமை, வழக்கம்போல, தனிச்சட்டியில் வெந்து அந்த இடத்துக்குப் போய்விட்டிருந்தது. நானும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காலையிலிருந்து அவர் வீட்டை விட்டு நகரவில்லை. நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், மழை பற்றி, பஸ் நேரம் மாறியது பற்றி. பாதிச் சோற்றில் கையை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார்.

"அங்க வெச்சதுல இன்னிக்கு உப்பு இல்ல."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய், சாமை வெந்த சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஆமாங்க, மறந்துட்டேன்" என்றாள். ஒரு கை உப்பை அள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

அப்பா மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை முழுசாகக் கூட்டி வந்துவிட்டேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.