ஆமைக்கு ஒரு டேங்க்

பல்லாவரம் சந்தையில் நான் வாங்கிவந்த ஆமை உள்ளங்கை அளவுதான் இருந்தது. மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"வீட்டுக்குள்ள ஆமை வந்தா ஆகாது. வெளியவே வச்சுக்குங்க."

மூடி உடைந்த பழைய தண்ணீர் டேங்க்கைப் பாதியாக அறுத்துக் கொல்லையில் வைத்தேன். அறுப்பதற்குள் முதுகு கழன்றுவிட்டது. ஆமை ஏறி வெயில் காயச் செங்கல் படி, காக்கை கொத்தாமலிருக்க மேலே கம்பிவலை. அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் கொல்லை மூழ்கி, வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. சர்ட்டிபிகேட் ஃபைலை அவசரமாகப் பரணில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். நனைந்த புடவையோடு இட்லிக் குண்டானை நீட்டிக்கொண்டு நின்றாள் அவள். உள்ளே ஆமை.

"அதுக்கு நீந்தத் தெரியும்டி!"

"சாக்கடைத் தண்ணிங்க இது. அந்த ஃபைலை இறக்குங்க, குண்டானுக்கு இடம் பத்தல."