யாரிடமாவது தீப்பெட்டி இருக்கா?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மடத்துக்குப் போயிருந்தேன். கிறிஸ்தவத் துறவிகள் வாழும் பழைய மடம். வெம்பக்கோட்டைப் பக்கம், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. இத்தனை வருஷமாகச் சாத்தூரில் குடியிருக்கிறேன்... இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறேனே!

கூட்டிப் போனது எதிர்வீட்டுப் பாக்கியம். அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவள் வீட்டுக்காரர் முருகேசனுக்குக் கோடையில் வெடிமருந்து தீப்பிடித்து, முகம் வெந்து, இரண்டு கண்ணிலும் கட்டு. பார்வை திரும்பினால் தீபாவளிக்கு முன்னால் இந்த மடத்தில் இருக்கும் வெள்ளைக்காரச் சாமியார் கல்லறையில் தன் கையால் மெழுகுவத்தி ஏற்றுவதாக வேண்டிக்கொண்டாள். அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய்க் கண்ணுக்கு மருந்து போட்டவராம் அவர்.

பார்வை திரும்பிவிட்டது. ஆனால் சீசனில் லீவு ஏது? கிடைத்தது இந்த ஒரு ஞாயிறுதான். கல்லறைத் தோட்டம் வெளியாட்களுக்குத் திறப்பதும் ஞாயிறு சாயங்காலம் மட்டுமே. மணி அடித்தால் பூட்டிவிடுவார்கள்.

கம்பெனி வேனில் முருகேசனும் அவளோடு வேலை பார்க்கும் பெண்களும் ஏறிக்கொண்டார்கள். உள்ளே நுழைந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கல் வளைவுகள், கை வைத்தால் வழுக்கும் சுண்ணாம்புச் சுவர், பின்னால் வேப்பமரங்களுக்கு அடியில் வரிசையாகக் கல்லறைகள். எந்தக் கடலோ தாண்டி வந்து நம் கரிசல் மண்ணில் படுத்திருக்கிறார்கள்! புது டிஜிட்டல் கேமராவில் மெமரி தீரும்வரை கிளிக்கினேன்.

பாக்கியம் மெழுகுவத்தியை எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யக்கா, தீப்பெட்டி இருக்கா?"

என்னிடம் ஏது? மற்ற பெண்களைக் கேட்டோம். எல்லாரும் கையை விரித்தார்கள். கம்பெனி கேட்டில் தினமும் சோதனை போடுவதால் தீப்பெட்டியைத் தொடாமலே கிளம்பிப் பழகியவர்கள். டிரைவர் பீடி குடிப்பவராச்சே என்று ஓடினேன்.

"பட்டாசு லோடு ஏத்துற வண்டியில தீப்பெட்டியா? நல்லாக் கேட்டீக" என்றார்.

நாட்டுக்கே தீப்பெட்டி அனுப்பும் ஊர்க்காரர்கள் இத்தனை பேர்... ஒரு குச்சி இல்லை!

தோட்டத்துக்குப் பொறுப்பான பிரதரும் பதறிப்போனார். சேப்பல் விளக்குகூட இப்போது கரண்ட் பல்புதானாம். கிச்சனில் கேஸ் அடுப்பு இருக்கிறது என்று பாக்கியத்தை அழைத்துப் போனார். அங்கே பற்றவைத்துத் தோட்டம்வரை கொண்டுவர வேண்டும். வெளியே ஐப்பசிக் காற்று. மணிக் கயிற்றின் அருகே ஒருவர் வந்து நின்றுவிட்டார்.

வந்தாள் பாக்கியம். ஓடவில்லை. கம்பெனியில் வெடிமருந்துத் தட்டை ஏந்தி நடக்கிற அதே நடை... காலைத் தேய்க்காமல், உடம்பை அசைக்காமல். சுடரைச் சுற்றி உள்ளங்கை. நாங்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டோம்.

கல்லறையில் ஊன்றினாள். சுடர் நின்றது. அந்த நிமிஷம் மணியும் அடித்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

முருகேசன் பக்கம் திரும்பி, "தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியுது. நீ அழுவுறதும் தெரியுது" என்றார் அவர்.

எங்கள் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வரும்போது கையோடு ஒரு தீப்பெட்டி வாங்கி வாருங்கள்.