ஆறு தாம்பாளமும் ஒரு பகல் ஷிப்டும்

அப்பாதுரை அண்ணனுக்குத் தூக்கம் வராமல் இல்லை. வரும். வரக்கூடாத இடத்தில் வரும், அதுதான் தொல்லை.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் அவர் எனக்கு அடுத்த வீடு. நான் கார்ப்பரேஷனில் குழாய் வேலை பார்ப்பவன், எனக்குப் பகல் வேலை. அவருக்குப் பஞ்சாலையில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷின். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் ராத்திரி என்று ஷிப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஐம்பதைத் தாண்டியதும் உடம்பு குழம்பிப்போய்விட்டது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் குழாயடிச் சண்டை, எதிர் வீட்டு உலக்கைச் சத்தம், பழைய பேப்பர்காரன் கூவல். எங்கள் சந்தில் பகலில் செத்தவன்கூடத் தூங்க முடியாது. வீட்டில் தூங்காத தூக்கம் அத்தனையும் மெஷின் முன்னால் நிற்கும்போது வந்து கண்ணைக் கட்டும். ஒரு மழைக்கால ராத்திரி நின்றபடியே அசந்து, ரோலர்மேல் சாய்ந்துவிட்டார். பக்கத்து மெஷினில் இருந்த டொமினிக் காலரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கை போயிருக்கும்.

இது தெரிந்த நாளிலிருந்து அவர் மனைவி சின்னத்தாயிக்கு வேறு பேச்சே கிடையாது. நிரந்தரமாகப் பகல் ஷிப்ட் வாங்கு, இல்லாவிட்டால் வேலையை விடு என்றாள். விட்டால் அடுப்பு எரியாது என்று அவளுக்கும் தெரியும்.

கேட்டால் கிடைத்துவிடுமா? இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முன்பெல்லாம் பகல் ஷிப்ட் மேஸ்திரிகள் கையில் இருந்தது. ஆயுத பூஜைக்குத் தாம்பாளத்தில் வேட்டி, தேங்காய், பழம் வைத்து மேஸ்திரி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துக் கும்பிட்டவனுக்கு வருஷம் முழுக்கப் பகல். கும்பிடாதவனுக்கு ராத்திரி. சுதந்திரம் வந்த சூட்டோடு இதை எதிர்த்து ஸ்டிரைக் நடந்தது. அதில் முன்னால் நின்றவர் நம் அண்ணன்தான். தாம்பாளம் தூக்கினவன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று மில் கேட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர். ஸ்டிரைக் ஜெயித்தது. எல்லோருக்கும் சமமாகச் சுற்று ஷிப்ட், யாருக்கும் விலக்கு இல்லை என்று ஆனது. தனக்கும் ஒருநாள் வயசாகும் என்று அந்த மகாராஜன் அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை.

ஆபீசில் போய்க் கேட்டார். யூனியன் ஒத்துக்கொண்டால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று தட்டிக் கழித்தார்கள். யூனியன் செயலாளர் நாணு சின்ன வயசுக்காரன், மரியாதை தெரிந்தவன். நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, முடியாது என்றான்.

"அண்ணே, உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு மேஸ்திரி ஆளுங்க வரிசையா வந்து நிப்பானுங்க. நீங்க சண்ட போட்டு வாங்கின ரூலு. அத நானா ஒடைக்கறது?"

வயசானவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு விதி கேட்டு வாங்கினால் என்ன குறைந்துபோகும் என்று கூடப் போயிருந்த நான் கத்தினேன். அவன் சொல்வதும் நியாயம்தான் என்றார் அண்ணன். நியாயமாம்! கை போனபிறகு அந்த நியாயத்தை எந்தக் கையால் பிசைந்து சாப்பிடுவாராம்?

சீனச் சண்டைக்கு முந்தைய வருஷம் அது. ஆயுத பூஜை நெருங்கும்போது ஒரு சேதி வந்தது. பஞ்சுக் கிடங்கில் இருந்தவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். அது பகல் வேலை மட்டும், ஷிப்ட் சுற்றில் சேராது. யாரைப் போடுவது என்பது மேஸ்திரி கோவிந்தப்பாவின் இஷ்டம். சின்னத்தாயி தாம்பாளத்தை விளக்கினாள். பூஜையன்று வேட்டி, தேங்காய், பழம் எல்லாம் அடுக்கி, துண்டால் மூடி, புருஷன் கையில் கொடுத்தாள். பாதி வழியில் திரும்பிவிடுவார் என்ற பயத்தில் என்னையும் கூடவே அனுப்பினாள்.

வழி நெடுக அண்ணன் தலையைத் தூக்கவில்லை. கோவிந்தப்பா வீட்டு வாசலில் ஏற்கெனவே ஐந்து பேர் நின்றார்கள். ஐந்து பேர் கையிலும் தாம்பாளம். ஐந்து பேரும் அந்த ஸ்டிரைக்கில் அண்ணனோடு கேட்டில் படுத்துக் கிடந்தவர்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டொமினிக் மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"ராத்திரி வெளிச்சத்துல கண்ணு தெரியல அப்பாதுரை. அதான் வந்தேன்" என்றார்.

கோவிந்தப்பா நெற்றி நிறையக் குங்குமத்தோடு வெளியே வந்து, தாம்பாளங்களை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பினார். ஆறையும் வாங்கி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இருக்கறது ஒந்தே ஜாகா, ஒரே எடம். ஆறு பேரு வந்தா நான் இன்னா பண்றது? நீங்களே பேசி ஒரு ஆள அனுப்புங்க. யாரு வந்தாலும் நமக்கு ஒண்ணுதான்."

ஆறு பேரும் காம்பவுண்டு சுவர் ஓரமாகக் குந்தினார்கள். ரோலர் விஷயத்தைச் சொல்லு, எல்லோரும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள் என்று நான் அண்ணன் விலாவில் இடித்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒருத்தன் நோகாம குந்திக்கினு, அஞ்சு பேரு பாத்துக்கினு இருக்கறது சரியில்ல. வாரத்துக்கு ஒருத்தரா மாத்திக்கலாம்."

மற்றவர்கள் உடனே தலையாட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தாம்பாளம் தூக்கிக் கும்பிட்டு வாங்கியதையும் மறுபடி சுற்றில் விட்ட மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? கண் சரியில்லை என்பதால் முதல் வாரம் டொமினிக்குக்கு. யோசனை சொன்னவன் முந்திக்கொண்டால் நன்றாயிருக்காது என்று கடைசி வாரத்தை அண்ணன் தனக்கு வைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலிலேயே சின்னத்தாயி நின்றிருந்தாள்.  நான்தான் நடந்ததைச் சொன்னேன். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வாரம் உனக்கு ராத்திரி ஷிப்டு. டொமினிக்கு கிடங்குக்குப் போயிட்டா, உன்னப் புடிச்சு இழுக்க அங்க யாருயா இருக்கா?"

அதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.